லாஸ் ஏஞ்சலிஸ், ஜூன் 2025: அமைதியான கூட்டம் எந்தக் கட்டத்தில் சட்டவிரோதக் கூட்டமாகிறது?

கூடல்வாசி (இழையைத் தொடங்கியவர்)

2025 ஜூன் 6 அன்று லாஸ் ஏஞ்சலிஸின் ஆடைச் சந்தைப் பகுதியில் உள்ள ஒரு துணி நிறுவனத்திலும், வெஸ்ட்லேக் பகுதியில் கூலி வேலைக்கு ஆட்கள் காத்து நிற்கும் ஹோம் டிப்போ கடையின் வாகன நிறுத்துமிடத்திலும் குடிவரவு அமலாக்கத் துறையினர் (அங்கே எல்லோரும் 'ஐஸ்' என்றே சொல்கிறார்கள்) சோதனை நடத்தி ஆட்களைப் பிடித்துச் சென்றார்கள். அதைத் தொடர்ந்து நடந்த போராட்டங்களைப் பற்றி நம் தொலைக்காட்சிகள் காட்டியதெல்லாம் தீப்பிடித்து எரிந்த ஓட்டுநரில்லா வேமோ கார்களை மட்டுமே. அந்தக் காட்சி பொய்யில்லை. ஆனால் ஒரு வாரத்துக்கும் மேலாக நடந்த நிகழ்வுகளை ஒரே தெருவின் ஒரு மணி நேரத்தை வைத்து முடிவுகட்டுவது எனக்கு ஒப்பவில்லை.

நாள்வாரியாகப் பார்த்தால் படம் வேறு மாதிரி இருக்கிறது. ஜூன் 7 அன்று மோதல் நடந்த பாரமவுண்ட், நகர எல்லைக்கு வெளியே, மாவட்ட ஷெரிஃபின் பொறுப்பில் உள்ள ஊர். நகரத்துக்குள் அன்று நடந்த ஆர்ப்பாட்டங்கள் அமைதியாக முடிந்தன என்று லாஸ் ஏஞ்சலிஸ் காவல் துறையே அறிக்கை வெளியிட்டது. அதே நாளில்தான் ஆளுநர் கேவின் நியூசமின் எதிர்ப்பை மீறி, 2,000 தேசியக் காவல் படையினரை (வழக்கமாக ஆளுநரின் கீழ் இயங்கும் மாகாணப் படை) 60 நாட்களுக்கு அழைக்கும் ஆணையில் அதிபர் டிரம்ப் கையெழுத்திட்டார். நெடுஞ்சாலை மறிப்பும் கார் எரிப்பும் படையினர் வந்து இறங்கிய ஜூன் 8 அன்று நடந்தவை. அன்றிரவு நகர மையம் முழுவதும் சட்டவிரோதக் கூட்டம் கூடிய இடமாக அறிவிக்கப்பட்டது. ஜூன் 10 அன்று மேயர் கேரன் பாஸ் ஏறத்தாழ ஒரு சதுர மைல் பரப்புக்கு இரவு 8 மணி முதல் காலை 6 மணி வரை ஊரடங்கு பிறப்பித்தார். அது ஜூன் 17 அன்று விலக்கிக்கொள்ளப்பட்டது.

குடியேற்றக் கொள்கை சரியா தவறா என்பதை வேறு இழைகளில் போதுமான அளவு அடித்துத் துவைத்துவிட்டோம். இங்கே எனக்கு வேண்டியது ஒன்றுதான். பிற்பகல் இரண்டு மணிக்குப் பதாகையுடன் வந்து நின்ற ஒருவரின் உரிமை, ஐந்து மணிக்கு வேறொருவர் கல்லெறிந்ததும் முடிந்துவிடுகிறதா? முடிந்தது என்று அறிவிக்கும் அதிகாரம் யாருக்கு, எந்த அளவுக்கு இருக்கிறது?

---

நேர்கோடு

முடிந்துவிடுகிறது என்றுதான் நான் சொல்வேன். குறைந்தது அந்த இடத்தில், அந்த நேரத்துக்கு.

ஜூன் 8 அன்று 101 நெடுஞ்சாலையில் மேம்பாலத்தின் மீது நின்றவர்கள், கீழே நின்றிருந்த நெடுஞ்சாலை ரோந்துப் போலீசாரின் வாகனங்கள் மீது கற்களையும் வாடகை மின் ஸ்கூட்டர்களையும் தூக்கிப் போட்டார்கள். எரியும் பொருட்களையும் எறிந்தார்கள். இருபது கிலோ எடையுள்ள ஸ்கூட்டர் மேம்பாலத்திலிருந்து ஒரு மனிதரின் தலையில் விழுந்தால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. அடுத்த நாள் இரவு நகர மையத்தில் கடைகளும் சூறையாடப்பட்டன. குடியேறிகளின் உரிமைக்கும் காலணிக் கடையின் கண்ணாடிக்கும் என்ன பகை என்று யாராவது சொன்னால் நன்றியுடன் கேட்டுக்கொள்வேன்.

நீங்கள் அடுக்கிய நாள்வரிசையில் ஒரு விஷயம் விடுபட்டிருக்கிறது. ஐஸ் அதிகாரிகள் செய்தது நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தின் கீழ் வரும் பணி. அவர்களின் வண்டியை மறிப்பதும், வாயிலை அடைத்துக்கொண்டு உட்காருவதும் கருத்துச் சொல்வதில் சேராது. மத்திய அலுவலரைப் பணியின்போது பலவந்தமாகத் தடுப்பதும் தாக்குவதும் தனிக் குற்றமாகவே சட்டத்தில் இருக்கின்றன. ஒரு சட்டம் பிடிக்கவில்லை என்றால் அதை மாற்றத் தேர்தல் இருக்கிறது, நீதிமன்றம் இருக்கிறது. அதை நிறைவேற்ற வரும் ஊழியரைத் தெருவில் மடக்குவதை உரிமை என்று ஒப்புக்கொண்டால், நாளை வேறொரு கூட்டம் வேறொரு சட்டத்துக்கு இதையே செய்யும்.

முகக்கவசக் கண்ணாடிக்குப் பின்னால், புகைக்கு நடுவே நிற்கும் காவலரால் பதாகைக்காரரையும் கல்லெறிபவரையும் பிரித்துப் பார்க்க முடியாது. கலைந்து செல்லுங்கள் என்ற அறிவிப்பு இந்தப் பிரிவினையை அந்தப் பதாகைக்காரரின் கையிலேயே கொடுக்கிறது. கலைந்து போனவர் அமைதியானவர். போகாதவர் தம் முடிவைத் தாமே எடுத்துக்கொண்டவர்.

---

ஆடிக்காற்று

நேர்கோடு அவர்கள் கடைசியில் சொன்னது வலுவான வாதம். அதனால் அதை எடுத்துக்கொண்டே தொடங்குகிறேன். கலிபோர்னியா சட்டமும் ஏறக்குறைய அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. தண்டனைச் சட்டத்தின் 407ஆம் பிரிவு, இரண்டு பேரோ அதற்கு மேற்பட்டவர்களோ சட்டவிரோதச் செயலுக்காகக் கூடினாலும், சட்டபூர்வமான செயலையே வன்முறையாகவோ ஆரவாரமாகவோ அமளியாகவோ செய்தாலும் அது சட்டவிரோதக் கூட்டம் என்கிறது. கலைந்து செல்லும்படி எச்சரித்த பிறகும் அங்கேயே இருப்பதை 409ஆம் பிரிவு சிறு குற்றமாக்குகிறது. இந்த இரண்டை மட்டும் படித்தால் விவாதம் இங்கேயே முடிந்துவிடும்.

ஆனால் ஆரவாரம் இல்லாத ஆர்ப்பாட்டம் ஏது? ஆகவே 1973இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம், பிரவுன் என்பவர் தொடர்பான வழக்கில், அந்தச் சொற்களுக்கு ஒரு வரம்பு கட்டியது. கூட்டம் வன்முறையில் இறங்கியிருக்க வேண்டும். அல்லது உடனடி வன்முறை மூளும் தெளிவான அபாயம் கண்ணெதிரே இருக்க வேண்டும். இரைச்சல், கூச்சல், நெரிசல், வசைச்சொல் எதுவும் போதாது. எனவே அறிவிப்பு வந்துவிட்டது என்பதோடு கேள்வி தீர்வதில்லை. அந்த அறிவிப்பு வெளியான நேரத்தில், அந்த இடத்தில், இந்த நிலை இருந்ததா என்பதை அரசுத் தரப்பு பிறகு நீதிமன்றத்தில் காட்ட வேண்டும். 101 நெடுஞ்சாலையின் மேம்பாலத்தில் அது இருந்தது என்பதில் எனக்கு எள்ளளவும் சந்தேகம் இல்லை. நகர மையம் முழுவதையும் ஒரே அறிவிப்பால் மூடியபோது, பல தெருக்கள் தள்ளி நின்றவர்களிடமும் அது இருந்ததா என்பதில்தான் நாம் வேறுபடுகிறோம்.

அமெரிக்க அரசமைப்பின் முதல் திருத்தம் 1791இலிருந்து அமைதியாகக் கூடும் உரிமையைச் சொல்கிறது. ஆனால் அது மாகாண அரசுகளையும் கட்டுப்படுத்தும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1937இல், டி ஜோங் வழக்கில்தான். போர்ட்லாந்தில் கம்யூனிஸ்டு கட்சி கூட்டிய கூட்டத்தில் பேசிய ஒருவரை, அந்தக் கூட்டம் முழுக்க அமைதியாக நடந்திருந்தபோதும், கட்சியின் கொள்கைக்காகத் தண்டித்திருந்தார்கள். கூட்டத்தை யார் கூட்டினார்கள் என்று பார்க்காதீர்கள், அங்கே என்ன நடந்தது என்று பாருங்கள் என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம். 1982இல் மிசிசிப்பியின் போர்ட் கிப்சன் ஊரில் கறுப்பின மக்கள் நடத்திய கடைப் புறக்கணிப்பு தொடர்பான கிளெய்போர்ன் வழக்கில் நீதிமன்றம் இன்னும் ஓர் அடி எடுத்து வைத்தது: ஒரு குழுவில் சிலர் வன்முறை செய்தார்கள் என்பதற்காக, அந்தக் குழுவில் இருந்தார் என்ற ஒரே காரணத்தால் மற்றவர் மீது பொறுப்பைச் சுமத்த முடியாது.

புகைக்கு நடுவே பிரித்துப் பார்க்க முடியாது என்றார் நேர்கோடு. பார்த்தே ஆக வேண்டும் என்று 2021இல் கலிபோர்னியா சட்டம் இயற்றியிருக்கிறது. கூட்டத்தைக் கலைக்க ரப்பர் குண்டையோ கண்ணீர்ப்புகையையோ பயன்படுத்துவதற்கு முன், திரும்பத் திரும்ப, காதில் விழும்படி, தேவைப்பட்டால் பல மொழிகளில் எச்சரிக்க வேண்டும். விலகிச் செல்ல நேரம் தர வேண்டும். வன்முறை செய்பவர் யார், செய்யாதவர் யார் என்று அடையாளம் காண உண்மையான முயற்சி எடுக்க வேண்டும். கண்மூடித்தனமாகக் கூட்டத்துக்குள் சுடவோ, தலையையும் கழுத்தையும் குறிவைக்கவோ கூடாது. ஊரடங்கை மீறினார், சொன்னதைக் கேட்கவில்லை என்பவை மட்டுமே அதற்குக் காரணம் ஆகா. ஜூன் 8 அன்று ஒளிபரப்பின் நடுவே, கையில் ஒலிவாங்கியுடன் கேமராவைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்த ஆஸ்திரேலியத் தொலைக்காட்சிச் செய்தியாளரின் காலில் ரப்பர் குண்டு பாய்ந்ததை உலகமே பார்த்தது. சுட்டவர் இந்த வரிகளில் எதைப் பின்பற்றினார் என்று யோசித்துப் பாருங்கள். அடுத்த மாதமே, ஆபத்து விளைவிக்காத செய்தியாளர்கள் மீது இத்தகைய ஆயுதங்களைப் பயன்படுத்தக் கூடாது என்று மத்திய நீதிபதி ஹெர்னான் வேரா நகரக் காவல் துறைக்கு இடைக்காலத் தடை விதித்தார்.

---

வெண்ணாறு

தஞ்சாவூரிலிருந்து ஒரு வாசகனின் எளிய ஐயம். நம் ஊரில் போராட்டம் என்ற செய்தி வந்ததுமே மாவட்ட ஆட்சியர் 144 போட்டுவிடுவார். அங்கே அப்படி ஏதும் கிடையாதா? இவ்வளவு சட்ட நுணுக்கம் எதற்கு?

---

ஆடிக்காற்று

நண்பர் வெண்ணாறு, நம்முடைய 144 இப்போது புதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 163ஆம் பிரிவாகியிருக்கிறது. பழக்கத்தில் எல்லோரும் 144 என்றே சொல்கிறோம். அதுபோல, நடக்கப்போகும் கூட்டத்தை முன்கூட்டியே ஒட்டுமொத்தமாகத் தடை செய்வதை அமெரிக்க நீதிமன்றங்கள் மிகுந்த சந்தேகத்துடன் பார்க்கின்றன. இடம், நேரம், முறை பற்றிய விதிகள் விதிக்கலாம். ஊர்வலத்துக்கு அனுமதிச் சீட்டு கேட்கலாம். ஆனால் அனுமதி தருவதும் மறுப்பதும் அதிகாரியின் விருப்பம் என்று விட்டுவிட முடியாது. 1963இல் பர்மிங்ஹாமில் அனுமதியில்லாமல் ஊர்வலம் போன பாதிரியார் ஷட்டில்ஸ்வொர்த்தின் தண்டனையை உச்ச நீதிமன்றம் 1969இல் இதனால்தான் ரத்து செய்தது.

மேயர் பாஸ் பிறப்பித்த ஊரடங்கு நீங்கள் சொல்வதற்குச் சற்று நெருங்கி வரும். ஆனால் அது ஏறத்தாழ 500 சதுர மைல் நகரத்தில் ஒரு சதுர மைலுக்கு, இரவு நேரத்துக்கு மட்டும் விதிக்கப்பட்டது. அங்கே குடியிருப்பவர்களுக்கும் வேலைக்குப் போகிறவர்களுக்கும் செய்தியாளர்களுக்கும் விலக்கு இருந்தது.

இன்னொரு வேறுபாடு இந்த இழைக்கு முக்கியமானது. நம் அரசமைப்பின் 19ஆம் உறுப்பு, ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமையைக் குடிமக்களுக்கு மட்டுமே தருகிறது. அமெரிக்காவின் முதல் திருத்தம் மக்கள் என்கிறது. குடிமக்கள் என்று சொல்லவில்லை.

---

பசிபிக்கரை

பல ஆண்டுகளாக இந்த மாவட்டத்தில் குடியிருப்பவள் என்ற முறையில், 2025ஐ மட்டும் தனியாக வெட்டி எடுத்துப் பேசுவது எனக்கு நெருடலாக இருக்கிறது. இந்த நகரத்துக்கு இதே விஷயத்தில் இரண்டு பழைய அனுபவங்கள் உண்டு. ஒன்று பெருமைப்படத் தக்கது, மற்றது வெட்கப்பட வேண்டியது.

2005 டிசம்பரில் பிரதிநிதிகள் சபை, ஆவணமின்றித் தங்கியிருப்பதையே கடுங்குற்றமாக்கும் மசோதா ஒன்றை நிறைவேற்றியது. அதை எதிர்த்து 2006 மார்ச் 25 அன்று நகர மையத்தில் காவல் துறையின் கணக்குப்படியே ஏறத்தாழ 5 லட்சம் பேர் கூடினார்கள். வெள்ளைச் சட்டை அணிந்த குடும்பங்கள், தள்ளுவண்டியில் கைக்குழந்தைகள், பிராட்வே முழுவதும் தலைகள். அது அமைதியாகவே முடிந்தது. அந்த மசோதா செனட்டைத் தாண்டவேயில்லை.

அடுத்த ஆண்டு மே தினத்தன்று மெக்கார்தர் பூங்காவில் நடந்ததுதான் இரண்டாவது. ஊர்வலத்தின் ஓரத்தில் ஒரு சிறு கும்பல் சாலையை மறித்துப் புட்டிகளையும் கற்களையும் வீசியது. அவர்களைப் பிரித்துப் பிடிப்பதற்குப் பதிலாக, காவல் துறையின் மெட்ரோ பிரிவினர் வரிசையாக நின்று பூங்காவில் இருந்த எல்லோரையும் தடியால் தள்ளிக்கொண்டே போனார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட ரப்பர் குண்டுகள் சுடப்பட்டன. புல்வெளியில் உட்கார்ந்திருந்த தாய்மாரும் கேமராவோடு நின்ற செய்தியாளர்களும் அடிவாங்கினார்கள். கலைந்து செல்லும் உத்தரவு மேலே பறந்த ஹெலிகாப்டரிலிருந்து ஆங்கிலத்தில் சொல்லப்பட்டது. கீழே இருந்தவர்களில் பெரும்பாலோர் ஸ்பானிஷ் பேசுகிறவர்கள். விசிறிச் சத்தத்தில் ஆங்கிலம் தெரிந்தவர்களுக்கும் என்ன கேட்டிருக்கும்? காவல் துறையின் சொந்த ஆய்வறிக்கையே இதையெல்லாம் குறையென்று ஒப்புக்கொண்டது. நகராட்சி ஏறத்தாழ 1 கோடியே 30 லட்சம் டாலர் இழப்பீடு கொடுத்தது.

கலைந்து போனவர் அமைதியானவர், போகாதவர் தம் முடிவைத் தாமே எடுத்தவர் என்று நேர்கோடு எழுதியதைப் படித்தபோது எனக்கு அந்த ஹெலிகாப்டர்தான் நினைவுக்கு வந்தது. உத்தரவு காதில் விழுந்திருக்க வேண்டும், புரிந்திருக்க வேண்டும், வெளியேற வழி இருந்திருக்க வேண்டும். இவை மூன்றும் இல்லையென்றால் அங்கே அவர் எடுப்பதற்கு முடிவு என்று ஒன்றும் இல்லை. தெருவின் இரு முனையையும் காவலர்கள் அடைத்துக்கொண்டு கலைந்து போங்கள் என்றால், பக்கத்துக் கட்டிடத்தின் மீது ஏறியா போவது?

---

நேர்கோடு

2007ஐ நான் நியாயப்படுத்தப்போவதில்லை. ஆனால் அம்மணி, அந்தப் படிப்பினையின் பேரில் பயிற்சி மாறி, சட்டமும் மாறி, அதன் பிறகுதான் 2025 வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஜூன் 8 இரவு காவல் துறைத் தலைவர் ஜிம் மெக்டொனல், இரவில் வன்முறை செய்கிறவர்களும் பகலில் முறையாக எதிர்ப்புத் தெரிவிக்கிறவர்களும் ஒரே ஆட்கள் இல்லை என்று வெளிப்படையாகவே சொன்னார். அமைதியாகக் கூடியவர்களைக் குற்றவாளிகளாகப் பார்க்கும் ஒருவர் அப்படிப் பேசுவாரா?

என் உண்மையான குறை வேறு. 1979லிருந்தே லாஸ் ஏஞ்சலிஸ் போலீசார் குடியுரிமை நிலையை அறிவதற்காக மட்டும் யாரையும் விசாரிக்கத் தொடங்கக் கூடாது என்று அவர்களின் துறையே ஆணையிட்டிருக்கிறது. 2017இல் மாகாணச் சட்டம் அதை இன்னும் இறுக்கியது. மாகாண ஊழியர்களைத் தன் வேலைக்கு மத்திய அரசு கட்டாயப்படுத்த முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1997இல் சொல்லியிருப்பதால் அது சட்டப்படி சரியாகவே இருக்கலாம். ஆனால் விளைவைப் பாருங்கள். உள்ளூர்ப் போலீஸ் ஒதுங்கி நிற்கிறது; சிறையிலேயே கைமாற்றிவிடக்கூடிய ஆளைத் தேடி ஐஸ் தெருவுக்கு வருகிறது; தெருவில் கூட்டம் கூடுகிறது; கூட்டம் மத்திய அரசுக் கட்டிடத்தை நோக்கித் திரும்புகிறது. தன் கட்டிடத்தையும் தன் ஊழியர்களையும் காக்கும் கடமை மத்திய அரசுக்கு இல்லையா? மேயரும் ஆளுநரும் மனம் கனிந்து ஆளனுப்பும் வரை காத்திருக்க வேண்டுமா?

---

ஆடிக்காற்று

கட்டிடத்தைக் காக்கும் அதிகாரம் இருக்கிறது. அதற்கென்றே மத்தியப் பாதுகாப்புச் சேவை என்ற பிரிவும் இருக்கிறது. அதை யாரும் மறுக்கவில்லை. ஹோம் டிப்போ வாசலில் நாட்கூலிக்கு நின்றவர் எந்தச் சிறையிலிருந்து கைமாற்றப்பட வேண்டியவர் என்பதை நீங்கள் சொல்லவில்லை. அது ஒருபுறம் இருக்கட்டும். படையை அழைத்த விதம்தான் வழக்கானது.

தேசியக் காவல் படையை அழைக்க அதிபர் பயன்படுத்திய மத்தியச் சட்டத்தின் 12406ஆம் பிரிவு மூன்று சூழ்நிலைகளைச் சொல்கிறது. அந்நியப் படையெடுப்பு அல்லது அதன் அபாயம். அரசுக்கு எதிரான கிளர்ச்சி அல்லது அதன் அபாயம். வழக்கமான படைகளைக் கொண்டு சட்டத்தை நிறைவேற்ற முடியாத நிலை. உத்தரவு ஆளுநர்கள் வழியாகப் பிறப்பிக்கப்பட வேண்டும் என்றும் சொல்கிறது. டிரம்ப் கையெழுத்திட்ட ஆணையில் லாஸ் ஏஞ்சலிஸ் என்ற பெயர்கூட இல்லை. ஜூன் 9 அன்று மேலும் 2,000 தேசியக் காவல் படையினரும், டுவென்டிநைன் பாம்ஸ் முகாமிலிருந்து 700 மரீன் வீரர்களும் சேர்க்கப்பட்டார்கள். மொத்தச் செலவு 13 கோடியே 40 லட்சம் டாலர் ஆகும் என்று பென்டகன் தரப்பே நாடாளுமன்றக் குழுவிடம் தெரிவித்தது.

ஜூன் 12 அன்று நீதிபதி சார்லஸ் பிரேயர் அந்த அழைப்பு சட்டவிரோதம் என்றார். மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை உடனே நிறுத்திவைத்து, ஜூன் 19 அன்று அதிபரின் பக்கமே சாய்ந்தது. ஆனால் அதிபரின் முடிவை நீதிமன்றம் தொட்டுப் பார்க்கவே கூடாது என்ற அரசின் வாதத்தை அந்த அமர்வும் ஏற்கவில்லை. செப்டம்பர் 2 அன்று பிரேயர் இன்னொரு தீர்ப்பில், உள்நாட்டுச் சட்ட அமலாக்கத்துக்கு ராணுவத்தைப் பயன்படுத்துவதைத் தடுக்கும் 1878ஆம் ஆண்டின் பாசி கொமிடாட்டஸ் சட்டம் மீறப்பட்டது என்றார். படையினர் கட்டிடத்தைக் காத்ததோடு நிற்காமல், சுற்றிவளைப்பு, போக்குவரத்து மறிப்பு, கூட்டக் கட்டுப்பாடு ஆகியவற்றிலும் இறங்கியிருந்தார்கள் என்பது அவர் கண்டது. இறுதியாக டிசம்பர் 23 அன்று, சிகாகோ தொடர்பான இதே போன்ற வழக்கில், 'வழக்கமான படைகள்' என்று சட்டம் சொல்வது பெரும்பாலும் முறையான ராணுவத்தையே குறிக்கும் என்று உச்ச நீதிமன்றம் ஒரு விளக்கம் கொடுத்தது. ஐஸ் ஆட்களால் முடியவில்லை என்று காட்டினால் போதாது. ராணுவத்தைச் சட்டப்படி பயன்படுத்தக்கூடிய சூழல் இருந்தும் அதனாலும் முடியவில்லை என்று காட்ட வேண்டும். அதன் பிறகு அந்த மாத இறுதியில் சிகாகோ, லாஸ் ஏஞ்சலிஸ், போர்ட்லாந்து ஆகிய மூன்று நகரங்களிலிருந்தும் படையைத் திரும்பப் பெறுவதாக டிரம்ப் அறிவித்தார்.

ஆளுநர் கேட்காமல் ஒரு மாகாணத்தின் தேசியக் காவல் படையை அதிபர் அனுப்பியது இதற்கு முன் 1965இல். அலபாமா ஆளுநர் ஜார்ஜ் வாலஸ் பாதுகாப்புத் தர மறுத்ததால், செல்மாவிலிருந்து மான்ட்கோமரிக்கு நடந்தவர்களைக் காப்பதற்காக லிண்டன் ஜான்சன் அனுப்பினார். அன்றைக்குப் படை வந்தது ஊர்வலம் நடப்பதற்காக.

---

பசிபிக்கரை

இதில் ஒரு துணுக்கு. 1992 கலவரத்தின்போது ஆளுநர் பீட் வில்சனின் வேண்டுகோளின் பேரில் மரீன் வீரர்கள் இங்கே வந்திருந்தார்கள். காம்ப்டனில் ஒரு வீட்டுச் சண்டையைத் தீர்க்கப் போன போலீசார், உள்ளிருந்து துப்பாக்கிச் சத்தம் கேட்டதும், தங்களுக்குக் காவலாக இருக்கும்படி உடன் வந்த மரீன்களிடம் சொன்னார்கள். போலீஸ் பயிற்சியில் அதன் பொருள், துப்பாக்கியைக் குறிவைத்துத் தயாராக நில் என்பது. மரீன்கள் தங்கள் பயிற்சிப்படி அந்த வீட்டை நோக்கி 200க்கும் மேற்பட்ட குண்டுகளைச் சுட்டார்கள். உள்ளே குழந்தைகள் இருந்தார்கள். யார் மீதும் படவில்லை.

---

விசாவாசி

இழையை ஆரம்பத்திலிருந்து படித்து வருகிறேன். நான் சான் ஹொசே பகுதியில் எச்-1பி விசாவில் இருக்கிறேன். பச்சை அட்டைக்கான (நிரந்தரமாகத் தங்கும் அனுமதி) வரிசையில் நிற்கிறேன். பக்கத்து ஊரில் ஒரு அமைதிப் பேரணி நடந்தால், போய் ஓரமாக நிற்க எனக்குச் சட்டப்படி உரிமை இருக்கிறதா? இருக்கிறது என்றால், போகலாமா? இவை இரண்டும் ஒரே கேள்வி இல்லை என்பது எனக்குத் தெரிகிறது; அதனால்தான் தனித்தனியாகக் கேட்கிறேன்.

---

ஆடிக்காற்று

முதல் கேள்விக்கு, இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் பிறந்த துறைமுகத் தொழிற்சங்கத் தலைவர் ஹாரி பிரிட்ஜஸை நாடு கடத்த அரசு எடுத்த முயற்சியை 1945இல் முறியடித்தபோது, நாட்டில் வசிக்கும் வெளிநாட்டவருக்கும் பேச்சுரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 செப்டம்பர் இறுதியில் பாஸ்டனின் மத்திய நீதிபதி வில்லியம் யங், பாலஸ்தீன ஆதரவுக் கருத்துகளுக்காக மாணவர்களையும் ஆசிரியர்களையும் குறிவைத்த வழக்கில், சட்டப்படி தங்கியிருக்கும் வெளிநாட்டவருக்கும் குடிமக்களுக்கும் இந்த உரிமையில் வேறுபாடு இல்லை என்று தீர்ப்பளித்தார்.

இரண்டாவது கேள்வியில் நான் அவ்வளவு உறுதியாகப் பேச மாட்டேன். 1952இல் முன்னாள் கம்யூனிஸ்டு உறுப்பினர்களை நாடு கடத்துவதை அதே உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. 1999இல், நாடு கடத்தத் தகுந்த வேறு காரணம் ஒருவரிடம் இருக்கும்போது, கருத்துக்காகத்தான் தன்னைத் தேர்ந்தெடுத்தார்கள் என்ற எதிர்வாதம் பொதுவாக எடுபடாது என்றும் சொன்னது. கொலம்பியா பல்கலைக்கழகப் போராட்டங்களில் முன்னின்ற மஹ்மூத் கலீல் பச்சை அட்டை வைத்திருந்தவர். 2025 மார்ச் 8 அன்று பிடிக்கப்பட்டு, ஜூன் 20 வரை தடுப்புக் காவலில் இருந்தார். உரிமை இருப்பதும், அதை நிலைநாட்டும் வரை லூசியானாவில் ஒரு தடுப்பு முகாமில் கிடப்பதும் ஒரே நேரத்தில் நடக்கக்கூடியவை.

பேரணியைவிடக் கைதுதான் உங்களுக்குப் பெரிய அபாயம். விசா விண்ணப்பமான டிஎஸ்-160, நீங்கள் எப்போதாவது கைது செய்யப்பட்டிருக்கிறீர்களா என்று கேட்கிறது. தண்டனை பெற்றீர்களா என்பதோடு நிறுத்துவதில்லை. பச்சை அட்டை விண்ணப்பமும் அப்படியே. கலைந்து செல்லவில்லை என்று பிடித்து, மறுநாள் வழக்கே போடாமல் விட்டுவிட்டாலும், அடுத்த முறை சென்னைத் துணைத் தூதரகத்தில் அந்தக் கட்டத்தில் நீங்கள் ஆம் என்று எழுத வேண்டியிருக்கும். 2025 ஏப்ரலில் ஆயிரக்கணக்கான வெளிநாட்டு மாணவர்களின் குடிவரவுப் பதிவுகள், பலருக்குப் போக்குவரத்து வழக்கு போன்ற அற்பக் காரணங்களுக்காக, திடீரென்று ரத்து செய்யப்பட்டதும், நம் பிள்ளைகள் பலர் அதில் சிக்கியதும், நீதிமன்றங்கள் தலையிட்ட பிறகு அவை மீட்கப்பட்டதும் உங்களுக்கு நினைவிருக்கும். போவதென்று முடிவெடுத்தால், பகலில், அறிவிக்கப்பட்ட நிகழ்வுக்குப் போங்கள். ஒரு குடிவரவு வழக்கறிஞரின் எண்ணைக் கையில் வைத்திருங்கள். முதல் அறிவிப்பு காதில் விழுந்ததும், அது சட்டப்படி செல்லுமா என்று அங்கே நின்று யோசிக்காமல் கிளம்பிவிடுங்கள். அந்த ஆராய்ச்சியைக் குடிமக்கள் செய்யட்டும்.

---

நேர்கோடு

கடைசி இரண்டு வரிகளில் நாங்கள் இருவரும் ஒத்துப்போகிறோம் என்பதைப் பதிவு செய்துகொள்கிறேன். ஆனால் என் முதல் கேள்வி அப்படியே நிற்கிறது. கல்லெறிபவரைப் பிரித்து அடையாளம் காண முயன்றோம் என்று போலீஸ் சொன்னால், அது உண்மையா என்று யார் பார்ப்பது? முயலவில்லை என்று எதிர்த்தரப்பு சொன்னால் மட்டும் நாம் ஏன் நம்ப வேண்டும்?

---

ஆடிக்காற்று

நம்ப வேண்டியதில்லை, ஆவணத்தைக் கேட்கலாம். நான் மேலே சொன்ன 2021 சட்டத்தொகுப்பிலேயே அதற்கு வழி இருக்கிறது. ரப்பர் குண்டோ கண்ணீர்ப்புகையோ பயன்படுத்திய ஒவ்வொரு நிகழ்வுக்கும் 60 நாட்களுக்குள் அந்தக் காவல் துறை தன் இணையதளத்தில் ஒரு சுருக்க அறிக்கை வெளியிட வேண்டும். தேவைப்பட்டால் இன்னும் 30 நாள் அவகாசம் உண்டு. கூட்டத்தின் தோராயமான அளவு, எத்தனை காவலர்கள், எந்த வகை ஆயுதம், எத்தனை குண்டுகள், அவற்றால் எத்தனை பேருக்குக் காயம், என்ன காரணம், பதற்றத்தைத் தணிக்க முதலில் என்ன செய்தார்கள் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். நகரக் காவல் துறைக்கும் ஷெரிஃப் துறைக்கும் இது பொருந்தும். மத்திய அலுவலர்களை மாகாணச் சட்டம் கட்டுப்படுத்தாது என்பதால், அதே தெருவில் அதே மாலையில் ஐஸ் ஆட்களோ எல்லைக் காவல் படையினரோ சுட்டவை அந்தக் கணக்கில் வராது.

---

நேர்கோடு

அந்தப் பட்டியலில், கூட்டத்திலிருந்து வந்த கல்லால் காயமடைந்த காவலர்களின் எண்ணிக்கையைக் கட்டாயமாகச் சொல்லும் வரி இல்லை என்பதைக் கவனித்தீர்களா? ஒரு தரப்பின் காயத்தை மட்டும் எண்ணச் சொல்லும் படிவத்தை நான் முழு ஆவணம் என்று ஏற்பதற்கில்லை. அதையும் சேர்க்கட்டும், மத்திய அலுவலர்களும் இதே படிவத்தை நிரப்ப வேண்டும் என்று நாடாளுமன்றம் சட்டம் கொண்டுவரட்டும். அப்படி ஒரு மசோதா வந்தால் அதை முதலில் ஆதரித்து எழுதுபவன் நானாகத்தான் இருப்பேன்.